இன்றைக்கு எந்த ஊர்ப் பாடு?

பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பட்டா கிடையாது, முறைதான் உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் தலைக்கட்டுகள் தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பெரியவர்களும் இந்த முறைக்கணக்கைத் தலைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். கூடவே பிறைக்கணக்கும் ஓடும்: அமாவாசைக்கு நீர் எவ்வளவு ஏறும், கச்சான் காற்று எப்போது அடங்கும், வாடை எப்போது தொடங்கும், முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் அடைத்துவிட்டதா.

அப்படிப்பட்ட பெரியவர் ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பிழைத்துவிட்டார், நடக்கவும் தொடங்கிவிட்டார். ஆனால் ‘அப்பா முன்ன மாதிரி இல்லை’ என்று மகன் சொல்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே ஓர் இளம் மருத்துவர் கையில் தாளோடு கேட்கிறார்: இன்று என்ன தேதி? இது எத்தனையாவது மாடி? நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள், அதிலிருந்து இன்னும் ஏழு. இந்தத் தாளில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யுங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒன்றோடொன்று பின்னிய இந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள்.

இவை 1975இல் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் சூசன் ஃபோல்ஸ்டீனும் பால் மெக்ஹ்யூவும் அமெரிக்காவில் உருவாக்கிய சிறு மனநிலைத் தேர்வின் கேள்விகள். மொத்தம் 30 மதிப்பெண். வழக்கமாக 24க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். நம் பெரியவர் 17 வாங்குகிறார். பக்கவாதம் தின்றது எவ்வளவு, ஐந்து வயதில் பள்ளிக்கு அனுப்பாமல் படகில் ஏற்றிவிட்டதால் போனது எவ்வளவு? அந்த 17 என்ற எண் இதற்குப் பதில் சொல்லாது. பேனாவையே பிடித்திராத கைக்கு ஐங்கோணம் வரையத் தெரியாததை நோய் என்று குறித்துக்கொள்வது அநியாயம். அதைவிடப் பெரிய அநியாயம், ‘படிக்காதவர், அதனால்தான்’ என்று சொல்லி, உண்மையிலேயே சிதைந்துகொண்டிருக்கும் மூளையைக் கவனிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. இரண்டும் அன்றாடம் நடக்கின்றன.

இரத்தக்குழாய் நோய் உள்ள முதியவர்களிடம் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அதற்கான காரணம் மூளையின் குழாய் அமைப்பிலேயே இருக்கிறது.

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் அது உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அடிப்பக்கத்துப் பெரிய தமனிகளிலிருந்து முடியைப் போல மெல்லிய கிளைகள் நேராக உள்ளே ஏறி, நடுப்பகுதிக்கும் வெண்பொருளுக்கும் இரத்தம் கொண்டுபோகின்றன. வாய்க்கால் பாசனத்தில் கடைமடை வயல் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையில் இருக்கிறது இந்த ஆழ்ந்த வெண்பொருள். வரத்து கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையிலையும் இந்த மெல்லிய குழாய்களின் சுவரைத் தடிக்க வைக்கின்றன. குழாய் அடைபடும் இடத்தில் கடுகு, பயறு அளவில் திசு இறக்கிறது. பெரும்பாலும் கை கால் இழுக்காது, வாய் கோணாது, யாருக்கும் தெரியாது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஆயிரத்துச் சொச்சம் முதியவர்களை ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். இப்படிச் சத்தமில்லாத அடைப்புத் தழும்புகள் மூளையில் இருந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா என்னும் அறிவாற்றல் சிதைவு வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்ததை 2003இல் வெளியிட்டார்கள்.

வெண்பொருள் என்பது நரம்புக் கம்பிகளின் கட்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையை மற்ற பகுதிகளோடு இணைப்பது அதுதான். எனவே அது பழுதானால் முதலில் அடிபடுவது நினைவு அல்ல. யோசிக்கும் வேகம் குறைகிறது. ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்வது, பாதியில் விட்டு இன்னொன்றைப் பார்த்துவிட்டு மறுபடி முதல் வேலைக்கே திரும்புவது, தேவையில்லாததை ஒதுக்குவது ஆகியவை தடுமாறுகின்றன. தானாக ஒன்றைத் தொடங்கும் முனைப்பும் குறைகிறது. அல்சைமர் நோயில் நேற்று நடந்தது மறந்துபோகிறது. இங்கே நேற்று நடந்தது நினைவிருக்கும், இன்று செய்ய வேண்டியதைத்தான் செய்து முடிக்க முடியாது.

மீன் விற்கும் ஒரு பெண்ணிடம் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஏலத்தில் கூடை எடுப்பது, விலையை மனத்தில் வைத்துக் கூறு கட்டுவது, மூன்று பேர் ஒரே நேரத்தில் பேரம் பேசும்போது ஒருவருக்கு மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டே இன்னொருவரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது, ஐஸ் உருகும் முன் எந்த மீனை முதலில் தள்ளிவிடுவது என்று முடிவெடுப்பது ஆகிய எல்லாமே முன்மூளையின் வேலை. பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் சரியாகச் சொல்லும் ஆயா, இப்போதெல்லாம் ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத்தான் அடுத்தவரைப் பார்க்கிறார் என்றால், சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால், அதைக் கவனிக்க வேண்டும். தேதியும் மாடியும் கேட்கும் தேர்வில் இது அகப்படாது. ஃபோல்ஸ்டீன் தேர்வு நினைவையும் மொழியையும் அளவுக்கு அதிகமாகப் பார்க்கிறது, வேகத்தையும் திட்டமிடலையும் ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. கனடாவில் ஸியாத் நஸ்ரெதீன் குழு 2005இல் வெளியிட்ட மான்ட்ரியால் தேர்வு, சுருக்கமாக மோக்கா, இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தது. பக்கவாதம் வந்தவர்களிடம் அது ஃபோல்ஸ்டீன் தேர்வு தவறவிட்ட பலரைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அதிலும் கடிகாரம் வரைய வேண்டும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு நாள்கூடப் படிக்காதவருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு?

இந்தக் கேள்வியை இந்தியாவில் முதலில் பொறுப்போடு எடுத்துக்கொண்டவர்களில் மேரி கங்குலியின் குழு முக்கியமானது. ஹரியானாவின் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில், எழுத்தறிவில்லாத முதியவர்களுக்காக அவர்கள் ஃபோல்ஸ்டீன் தேர்வைக் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் போட்டு மாற்றியமைத்து 1995இல் வெளியிட்டார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதிய அட்டையைக் காட்டுவதற்குப் பதில், ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்கிறபடி செய்யுங்கள்’ என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில், வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு கேள்வியும் எதை அளக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த அளவை விடாமல் பள்ளிக்கூடத்தை மட்டும் கழற்றிவிட்ட வேலை அது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக அன்றாட வாழ்வு பற்றிய ஒரு கேள்வித்தாளும் வந்தது. குடும்பத்தில் கல்யாணம் போன்ற முக்கிய விஷயங்களில் இவர் கருத்துச் சொல்கிறாரா, பண்டிகைகளை நினைவு வைத்திருக்கிறாரா என்றெல்லாம் அது வீட்டாரிடம் கேட்டது. மருமகளே சமைத்து மகனே கணக்குப் பார்க்கும் வீட்டில், ‘வங்கிக் கணக்கைத் தானே பார்க்கிறாரா’ என்று கேட்பதில் பொருளில்லை என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே, சென்னையைத் தாண்டி, அதே கடற்கரைப் பக்கத்துத் திருப்போரூரில் எஸ். ராஜ்குமார், எஸ். குமார், ஆர். தாரா ஆகியோர் செய்த கிராம ஆய்வு 1997இல் வெளிவந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்ததாக அது சொன்னது. அடுத்த ஆண்டு கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ‘10/66’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் கணக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கே.எஸ். ஜேக்கப் தலைமையில் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களும், சென்னை நகரும் அந்தக் குழுவின் ஆய்வில் இருந்தன.

2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த அதன் முடிவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் இலக்கணப்படி பார்த்தால், இந்தியக் கிராமத்தில் 65 வயதைத் தாண்டியவர்களில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். கியூபாவில் அதே இலக்கணப்படி 6.3. நம் கிராமங்களில் நோயே இல்லையா? அந்த இலக்கணத்தின்படி, நோய் என்று சொல்ல வேண்டுமானால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருப்பதாக வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீட்டார் சொல்லவில்லை. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்கிறார்கள். அம்மாவுக்குச் சோறு போடுவதும் கைபிடித்து நடத்துவதும் இயல்பான கடமை. அதை ஒரு குறையாக வெளியாளிடம் சொல்வது அம்மாவைக் காட்டிக்கொடுப்பது போலத் தோன்றுகிறது. படிப்பின் தாக்கத்தைக் கழித்து 10/66 குழு தானே வகுத்த முறையில் அளந்தபோது எல்லா நாடுகளிலும் எண்கள் உயர்ந்தன, ஒன்றையொன்று நெருங்கியும் வந்தன. பழைய இலக்கணத்தில் அகப்படாமல் புதிய முறையில் மட்டும் அகப்பட்டவர்களும் உண்மையிலேயே முடங்கிப்போயிருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அன்பே நோயை மறைத்துவிடுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக எண்ணில் காட்டிய வேறொரு ஆய்வை நான் கண்டதில்லை. பின்னர் நாடு தழுவிய முதுமை ஆய்வின் டிமென்ஷியாப் பிரிவு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்த நிலையில் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது.

இனி பழவேற்காட்டில், ஒரு வீட்டுத் திண்ணையில், இந்தத் தேர்வு எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் பிரஷர் பார்த்து முடிக்கிறார்.

“ஆயா, அஞ்சு பேரு சொல்றேன், கேட்டுக்கிட்டுத் திருப்பிச் சொல்லுங்க. மாம்பழம், கோயில், துணி, விளக்கு, மஞ்சள்.”

“மாம்பழம், கோயிலு, துணி, விளக்கு… இன்னாம்மா அது, மஞ்சளு.”

“சரியா சொன்னீங்க. மனசுல வெச்சுக்கோங்க, அப்புறமா கேக்குறேன். இப்ப உங்களுக்குத் தெரிஞ்ச மீன் பேரெல்லாம் சொல்லுங்க, நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்.”

“மடவை, கெளுத்தி, கொடுவா… மடவை… சங்கரா…” என்று இழுத்து, ஆயா நின்றுவிடுகிறார். கடிகார முள் இன்னும் பாதி வட்டத்தைக்கூடத் தாண்டவில்லை.

வாழ்நாளெல்லாம் மீன் விற்றவருக்கு மீன் பெயர் மறந்திருக்காது. நலமாக உள்ளவர் இந்தக் கேள்விக்குக் கொத்துக் கொத்தாகப் பதில் சொல்வார். முதலில் ஏரி மீன், அது தீர்ந்ததும் கடல் மீன், அதுவும் தீர்ந்ததும் இறால், நண்டு, கணவாய். ஒரு கொத்து தீர்ந்ததை உணர்ந்து அடுத்ததற்குத் தாவுவது முன்மூளையின் வேலை. ஆயாவால் அந்தத் தாவலைச் செய்ய முடியவில்லை. சொன்னதையே சொல்வதும் அதே பழுதின் அறிகுறி.

பிறகு அந்த ஐந்து சொற்களைக் கேட்கிறார் தன்னார்வலர். ஆயாவுக்கு இரண்டுதான் வருகிறது. “ஒண்ணு பழம் ஆயா” என்றதும், “ஆங், மாம்பழம்!” என்கிறார். “ஒண்ணு சமையலுக்குப் போடுறது” என்றதும் மஞ்சளும் வந்துவிடுகிறது. உள்ளே பதிந்தது இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. குழாய் நோயில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அல்சைமரில் குறிப்புக் கொடுத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது, ஏனென்றால் அங்கே பதிவதே நின்றுபோயிருக்கும். முதிய வயதில் இரண்டு நோயும் ஒரே மூளையில் கலந்திருப்பது சர்வ சாதாரணம் என்பதையும் மறக்கக் கூடாது.

தாளில் கோடு இழுப்பதற்குப் பதிலாக ‘ஒன்று, ஞாயிறு, இரண்டு, திங்கள்’ என்று எண்ணையும் கிழமையையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லலாம். படிப்பு குறைந்தவர்களுக்காகத் தாய்லாந்தில் முதலில் சோதிக்கப்பட்ட எளிய மோக்காவில், குறிப்பிட்ட தொகையை எத்தனை விதமான சில்லறையில் கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள். மீன் விற்றவர்களுக்கு நூறில் ஏழைக் கழிப்பதைவிட இது எவ்வளவோ பொருத்தம். தேதிக்குப் பதில் வளர்பிறையா தேய்பிறையா என்றும், இன்றைக்கு எந்த ஊர்ப் பாடு என்றும் கேட்கலாம்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். மீனும் பாடும் கேட்டுவிட்டால் மட்டும் தேர்வு உள்ளூர்த் தேர்வு ஆகிவிடாது. ஒரு நிமிடத்தில் பத்து மீன் என்பது அதிகமா குறைவா என்று சொல்ல, அதே ஊரில் நலமாக உள்ள முதியவர்கள் எத்தனை சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வலை போட்ட ஆணுக்கு ஓர் அளவு, சந்தையில் விற்ற பெண்ணுக்கு ஓர் அளவு, கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் முதியவருக்கு வேறோர் அளவு. பாடு முறையில் பங்கே இல்லாத ஊர்க்காரரிடம் பாடு கேட்டால், ஐங்கோணம் வரையச் சொன்ன அதே தவறு வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடும்.

எண்ணும் ஏமாற்றும். 1,000 முதியவர்களில் 70 பேருக்கு நோய் இருக்கிறது என்று கொள்வோம். தேர்வு நோயுள்ளவர்களில் 85 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 15 சதவீதத்தினரைத் தவறாகப் பிடிக்கிறது. கேட்க நல்ல தேர்வுதான். போட்டுப் பாருங்கள்: 70இல் சுமார் 60 பேர் சிக்குவார்கள், மீதி 930இல் சுமார் 140 பேரும் சிக்குவார்கள். அதாவது ‘சந்தேகம்’ என்று குறிக்கப்பட்ட 200 பேரில் 140 பேருக்கு நோயே இல்லை. அதனால்தான் ஒரு திண்ணைத் தேர்வை வைத்து யாருக்கும் பட்டம் கட்டிவிடக் கூடாது. கண்புரை, காது மந்தம், மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் மருத்துவர் முடிவு சொல்ல வேண்டும். விளாதிமிர் ஹச்சின்ஸ்கி 1975இல் வகுத்த மதிப்பெண் முறை இந்த இடத்தில் இன்றும் உதவும். திடீரென்று தொடங்கியதா, படிக்கட்டு போல விட்டுவிட்டு இறங்கியதா, முன்பு பக்கவாதம் வந்ததா, இரத்த அழுத்தம் உண்டா என்பவை அதன் கேள்விகள். பதில் சொல்ல எழுத்தறிவு தேவையில்லை, கூட வாழ்ந்தவர்கள் போதும்.

பழவேற்காட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இருகரையிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு டிமென்ஷியா உள்ள 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டதில், இரண்டு மொழி பேசுவோருக்கு நோய் தொடங்கியது நாலரை ஆண்டு தள்ளித்தான். எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது, குழாய் வழி டிமென்ஷியாவிலும் இருந்தது. மற்ற நாடுகளின் சில ஆய்வுகள் இதை உறுதிசெய்யவில்லை, விவாதம் தொடர்கிறது. தேர்வைப் பொறுத்தவரை பாடம் எளியது: ஆயா மீன் பெயரைத் தெலுங்கில் சொன்னாலும் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. அல்சைமரைவிடக் குழாய் நோயில் இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. முதல் பக்கவாதத்துக்குப் பின் பத்தில் ஒருவருக்குப் புதிதாக டிமென்ஷியா வருகிறது, மறுபடி ஒரு பக்கவாதம் வந்தால் மூன்றில் ஒருவருக்கும் மேல் என்று பெண்டில்பரியும் ராத்வெல்லும் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆகவே இரண்டாவதைத் தடுப்பதே பெரிய மருத்துவம். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 140க்குப் பதில் 120க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது. சீனாவில் 326 கிராமங்களில், மருத்துவர் பட்டம் பெறாத கிராமச் சுகாதாரப் பணியாளர்களே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மாத்திரை கொடுத்துக் கவனித்ததில் நான்கு ஆண்டில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்ததாக 2025இல் முடிவு வந்திருக்கிறது. கருவாடும் ஊறுகாயும் தட்டில் எவ்வளவு விழுகிறது என்ற பேச்சும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு.

சீனக் கிராமங்களில் அமைக்க வேண்டியிருந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து, பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். மறதி முதலில் மாத்திரைப் பட்டையில்தான் தெரியும். எண்ணிப் பார்த்தால் போதும், நான்கு நாளாகப் பிரிக்கப்படாமல் இருக்கும், அல்லது ஒரே நாளில் மூன்று போயிருக்கும். அந்த இடத்தில் தன்னார்வலர் கையில் ஐந்து நிமிடத் தேர்வு ஒன்று இருக்க வேண்டும். உள்ளூர் முதியவர்களிடம் சோதித்து அளவு கண்ட தேர்வாக அது இருக்க வேண்டும். மகளிடமோ மருமகளிடமோ ஒரு கேள்வியும் வேண்டும்: ‘போன வருஷம் இவங்க தனியா செஞ்ச எந்த வேலைய இப்ப நீங்க சேந்து செய்யறீங்க?’ ‘ஏதாவது பிரச்சினை உண்டா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று வரும். இப்படிக் கேட்டால் வீட்டார் யோசித்துச் சொல்வார்கள். பதிலை அழுத்த அளவோடு அதே அட்டையில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு அதே ஆள் வந்து அதே திண்ணையில் வேறு ஐந்து சொற்களை வைத்து மறுபடி கேட்க வேண்டும். அப்போது அந்த ஆயாவை அமெரிக்க முதியவரோடும் சென்னை முதியவரோடும் ஒப்பிட வேண்டியிருக்காது, போன ஆண்டு இருந்த அதே ஆயாவோடு ஒப்பிட்டால் போதும்.